ஒரு கிழமைச் சாப்பாடு: எதை முன்கூட்டிச் செய்யலாம், எதை விடவேணும் (யாழ்ப்பாணத்து மூண்டு ஊர்க்காரர் சொல்லுறது)

கோண்டாவில்:
ஏழு நாள் கறியையும் ஞாயிற்றுக்கிழமையே சமைச்சு அடுக்கிறது எங்கட சாப்பாட்டுக்குச் சரிவராது. கறிக்கு முந்தின வேலையளை முடிச்சு வைச்சாலே காணும். முதல் கௌபி, கடலை, பயறு. அரைக் கிலோ கௌபியை இரவு ஊறப்போட்டு, ஊறின தண்ணியை ஊத்திப்போட்டு, புதுத் தண்ணியில அவியுங்கோ. விரலால நசிச்சால் நசியவேணும், தோல் வெடிக்கக்கூடாது. வடிச்சு, அகலத் தட்டில பரவி ஆறவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பெட்டியாய்ப் பிரியுங்கோ. மூண்டு நாளுக்கு வேண்டியது பிரிட்ஜில, மிச்சம் பிரீசரில. சூட்டோட மூடினால் மூடியில வேர்க்கிற தண்ணி திரும்ப உள்ள விழும். பிறகு கௌபி பிசுபிசுத்து நூல் விடும், அதைக் கழுவித் தாளிச்சுச் சாப்பிடாதேங்கோ. வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ எல்லாம் அண்டண்டைக்குத்தான்.

மானிப்பாய்:
கோதுமை மாவையும் பாணையும் குறைக்க நினைக்கிற ஆக்களுக்குப் புட்டு நல்ல வழி. குரக்கன் மா ஒரு சுண்டு, வறுத்த சிவப்பரிசி மா ஒரு சுண்டு. அரிசி மாவுக்குக் கொதிதண்ணி, குரக்கனுக்கு உப்புக் கரைச்ச பச்சைத்தண்ணி. அதனால ரெண்டையும் வேற வேறயாய்க் குழைச்சுப் பிறகு கலவுங்கோ. குரக்கனுக்குத் தண்ணியைக் கையால தெளிச்சுத் தெளிச்சுத்தான் சேர்க்கவேணும், ஊத்தினால் களியாகிப் போகும். பிரீசருக்குப் போற புட்டுக்குத் தேங்காய்ப்பூ போடாமல் அவியுங்கோ. ஆறினதும் பையில மெல்லிசாய்த் தட்டையாக்கி அடுக்கினால் இடமும் மிச்சம், கெதியாயும் உறையும். எடுத்த கையோட நீத்துப்பெட்டியில போட்டுப் பத்து நிமிசம் ஆவி காட்டினால் உதிரியாய் வரும்.

சோத்திலதான் பயம். அரிசியில இருக்கிற ஒருவகைக் கிருமியின்ர வித்து கொதியிலயும் சாகாது. சோறு வெளியில கிடக்கக் கிடக்க அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வடிச்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஆறவைச்சு பிரிட்ஜில வையுங்கோ, அடுத்த நாளே முடியுங்கோ.

சுன்னாகம்:
மரக்கறிக்கு ஒழுங்கு முக்கியம். கீரை முதல் ரெண்டு நாளுக்குள்ள, பைத்தங்காயும் கத்தரிக்காயும் நடுக்கிழமைக்கு, கரட், பீற்றூட், வெட்டாத பூசணி கடைசிக்கு. முருங்கையிலையைக் கழுவாமல், ஈரம் இல்லாமல் கடதாசியில சுத்தி வையுங்கோ. ஈரம் பட்டால் கறுத்து உதிரும். வல்லாரையைச் சம்பலுக்குச் சாப்பிட முன்னம்தான் அரிய வேணும். தேங்காய்ப்பூ பிரிட்ஜில ரெண்டு நாளிலயே புளிக்கத் தொடங்கும், திருவின உடனே ஒரு பிடி ஒரு பிடியாய் பிரீசரில வைச்சால் சம்பலுக்கும் வறைக்கும் கைகொடுக்கும். சொதியை மட்டும் முன்கூட்டிச் செய்யாதேங்கோ, திரும்பக் கொதிச்சால் பால் திரைஞ்சுபோகும்.

கோண்டாவில்:
கரண்ட் நிண்டால் பிரிட்ஜைத் திறக்காதேங்கோ, மூடியபடி நாலு மணித்தியாலம் தாங்கும். அதுக்கு மேல போனால் சமைச்ச சாப்பாட்டை மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கொட்டுங்கோ.