பதில்: செகண்ட் – நொடியா விநாடியா? அப்படியே லீப் செகண்டுக்கும் ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம்,

மென்பொருள் மொழிபெயர்ப்புல செகண்டுக்கு நொடின்னு வைக்கலாமா விநாடின்னு வைக்கலாமாங்கற இழை எங்கெங்கயோ போயிடுச்சு, அதனால மொத்தமா படிச்சுட்டு ஒரே மடல்ல பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

> விநாடின்னே வச்சுக்கலாமே, எல்லாருக்கும் பழகின சொல்தானே.

ஐயா, பழகின சொல்தான், மறுக்கல. ஆனா விநாடிக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கு. ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி, அதாவது நம்ம கடிகாரக் கணக்குல நாழிகை 24 நிமிஷம், விநாடி 24 செகண்ட். பஞ்சாங்கத்துல திதி எப்ப முடியுதுங்கறத நாழிகை விநாடின்னு போடற வழக்கம் இன்னும் இருக்கு. பஞ்சாங்க ஆப் எழுதற ஆளு ஒரே ஸ்க்ரீன்ல ரெண்டு விநாடிய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு? உதவிப் பக்கத்துல "1 விநாடி = 24 விநாடி"ன்னு எழுதுவாரா? நொடின்னு எடுத்துக்கிட்டா "1 விநாடி = 24 நொடி", அவ்ளோதான், யாரும் தலைய சொறிய வேண்டாம்.

> நொடின்னா சும்மா பேச்சு வழக்கு. "நொடியில வந்துடறேன்"னு சொல்றோம், அதுல துல்லியம் எங்க இருக்கு?

துல்லியம் எந்தச் சொல்லுலயும் இல்லங்க, வரையறையிலதான் இருக்கு. செகண்டையே எடுத்துக்கங்க. மணிய 60 கூறா வெட்டினா லத்தீன்ல "முதல் சிறுகூறு", அதுல சிறுங்கற பாதிலேர்ந்து மினிட் வந்துச்சு. அந்தக் கூறை இன்னொரு தடவ 60ஆ வெட்டினா "இரண்டாம் சிறுகூறு", அதுல இரண்டாம்ங்கறது மட்டும் மிஞ்சி செகண்ட் ஆச்சு. ஆக அவங்க சொல்லுக்கு நேர்ப்பொருள் வெறும் இரண்டாவது, அதுல நேரம்ங்கற வாசனையே கிடையாது! ரொம்ப நாளா ஒரு நாளோட 86,400-ல ஒரு பங்குன்னு வச்சிருந்தாங்க, பூமி சுத்தற வேகம் ஒரே சீரா இல்லன்னு தெரிஞ்சப்புறம் 1967-ல சீசியம்-133 அணுவோட கதிர்வீச்சு 9,192,631,770 தடவ அலைஞ்சு முடிக்கற நேரம்னு மாத்தினாங்க. சொல்லு அப்படியே இருந்துச்சு, அடியில இருந்த வரையறை மட்டும் மாறிச்சு. நொடிக்கும் அதையே செய்யலாம்.

நம்ம பக்கமும் வேடிக்கைதான். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை"ன்னு தொல்காப்பியம் கண்ணிமைக்கற நேரத்தையும் கைநொடிக்கற நேரத்தையும் ஒரே அளவா சொல்லுது. நிமிஷம்ங்கறது வடமொழி நிமேஷம், அதுக்கும் கண்ணிமைப்புன்னுதான் பொருள். இமைப்ப 60 செகண்டுக்கு இழுத்தப்ப யாரும் கேக்கல, கைநொடிய ஒரு செகண்டுக்கு வைக்கறதுக்கு மட்டும் துல்லியம் பத்தி இவ்ளோ கேள்வி.

> இலங்கையில செக்கன்னு எழுதறோம், அத விட்டுட்டீங்களே?

விடல அக்கா. செக்கன் அங்க பாடப்புத்தகத்துலயே நிலைச்ச சொல், மில்லிசெக்கன் வரைக்கும் போயிட்டீங்க, மணி நேரத்துக்கு நீங்க சொல்ற மணித்தியாலம் மாதிரி அதுவும் இருக்கட்டும். மொழிபெயர்ப்புக் கோப்புல இலங்கைத் தமிழுக்குத் தனி அமைப்பு வைக்க முடியும்போது ஒண்ண இன்னொண்ணால அடிக்கறதுல என்ன லாபம். பொது அமைப்புக்கு நொடிங்கறது மட்டும்தான் என் வாதம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். கோப்புல "செகண்ட்"னு ஒத்தச் சொல்லா வந்தா அது நேரமா, வரிசை எண்ணான்னு மொழிபெயர்க்கறவருக்குத் தெரியாது. ஒரு ஆப்ல "30 இரண்டாவது காத்திருக்கவும்"னு பாத்திருக்கேன், எந்த ஆப்னு கேக்காதீங்க. எதச் சுட்டுதுன்னு கோப்புல குறிப்பு போடச் சொல்லி டெவலப்பர்கிட்ட கேக்கறதத் தவிர இதுக்கு வழி இல்ல, எந்தச் சொல்லக் கண்டுபிடிச்சாலும் இது தீராது. அப்புறம், எண்ணோட வரும்போது "30 நொடி"யே போதும், நொடிகள் வேண்டாம். நாம "ரெண்டு நிமிஷம் இரு"ன்னுதான சொல்றோம்.

சரி, லீப் செகண்ட், அதாவது பூமியோட சுழற்சிக்கு ஒத்துப்போக கடிகாரத்துல எப்பவாவது சேக்கற ஒரு நொடி. இதுவரைக்கும் வந்தது: நெட்டுநொடி, தாவுநொடி, மிகைநொடி.

நெட்டாண்டுலேர்ந்து (லீப் வருஷம்) நெட்டுநொடி எடுத்தது புரியுது, ஆனா ஒப்புமை சரியா ஒட்டல. நெட்டாண்டுல ஆண்டுதான் நீளுது, 366 நாள். லீப் செகண்ட்ல நொடி நீளல, நிமிஷம்தான் 61 நொடியா நீளுது. நெட்டுநொடின்னா நொடியே இழுபட்டதுன்னு படிக்கறவங்க நினைப்பாங்க. தாவுநொடி இன்னும் மோசம், அங்க எதுவும் தாவல. உலகப் பொது நேரப்படி (UTC) 23:59:59-க்கு அப்புறம் 23:59:60-ன்னு ஒண்ணு வந்துட்டு அப்புறம்தான் 00:00:00. உண்மையில தாவல் வரணும்னா நொடிய எடுத்தாத்தான் வரும், அப்ப 58-லேர்ந்து நேரா 00.

மிகைநொடிதான் எனக்கும் மொதல்ல பிடிச்சிருந்துச்சு. 1972-லேர்ந்து இதுவரைக்கும் சேத்த 27-ம் கூட்டினதுதான், கடைசியா 2016 டிசம்பர் 31, இந்திய நேரப்படி 2017 ஜனவரி 1 காலையில 05:29:60. ஆனா விதியில கழிக்கறதுக்கும் இடம் இருக்கு, இன்னும் ஒரு தடவகூட கழிச்சதில்ல, ஆனா சமீப வருஷங்கள்ல பூமி கொஞ்சம் வேகமா சுத்தறதால அந்தப் பேச்சும் வந்துடுச்சு. கழிக்கற நொடிய "எதிர் மிகைநொடி"ன்னா சொல்வோம்? கேக்கவே கூசுது.

அதனால என் பரிந்துரை ஈடுநொடி. அணுக் கடிகாரத்துக்கும் பூமியோட சுழற்சிக்கும் இருக்கற வித்தியாசம் 0.9 நொடிய தாண்டாம ஈடுகட்டத்தான இந்த ஏற்பாடே. கூட்டினா கூட்டு ஈடுநொடி, எடுத்தா கழி ஈடுநொடி. பேச்சுல வெறும் ஈடுநொடி.

> 2035-க்குள்ள இதையே நிறுத்தப் போறாங்களாமே, அப்புறம் எதுக்கு சொல்லு?

2022-ல எடுத்த முடிவ சொல்றீங்க, சரிதான் தம்பி. இப்ப இருக்கற வரம்ப 2035-க்குள்ள பெருசாக்கறதுன்னு முடிவு, அப்படின்னா அடிக்கடி நொடி செருகற வேலை நின்னுடும். ஆனா பழைய லாகு (கணினிப் பதிவுக் கோப்பு), பழைய நிரல், பழைய ஆவணம் எல்லாம் எங்க போகும்? 2012 ஜூன் 30-ல சேத்த ஒரே ஒரு நொடியால லினக்ஸ் இயங்குதளத்தோட மையமான கெர்னல்ல ஒளிஞ்சிருந்த ஒரு பக் கிளம்பி, உலகம் பூரா சர்வருங்க சிபியு 100%-ல நின்னு திணறிச்சு. அந்தக் கதைய தமிழ்ல எழுத சொல்லு வேணுமில்ல.

அதோட சேந்ததுதான் ஸ்மியர். ஒரு நொடிய ஒரேயடியா செருகாம, 24 மணி நேரத்துக்கு ஒவ்வொரு நொடியையும் துளித்துளியா நீட்டி சமாளிக்கறது, கூகுள் செய்யற மாதிரி. இதுக்கு நேத்து ஒருத்தர் "நொடிப்பூசல்"னு போட்டிருந்தாரு. பூசறதுன்னா சரிதான், ஆனா பூசல்னா நம்ம ஊர்ல சண்டைங்க! ஒரு நொடிக்காக சர்வரெல்லாம் அடிச்சுக்கறாப்ல இருக்கும். நொடிக்கரைப்புன்னு வைக்கலாம், அந்த ஒரு நொடி நாள் முழுக்க கரைஞ்சு போயிடுதே.

நொடி, ஈடுநொடி, நொடிக்கரைப்பு மூணையும் அகராதிக் கோப்புல சேத்துடறேன், விநாடிய பஞ்சாங்க அளவுங்கற குறிப்போட தனியா போடறேன். மில்லிசெகண்டுக்கு மில்லிநொடியா ஆயிரத்தொருநொடியாங்கற சண்டைய தனி இழையில வச்சுக்கலாம், ஆயிரத்தொருநொடின்னா 1001-னு கேக்குது, அதுக்கு நான் இப்பவே எதிர் ஓட்டு.