கோழி எருவோடு கடற்பாசி: கேஸ் வருது, தீ நிற்க மாட்டேங்குது

பாலிக்புலாவ்_தோட்டம்:
வணக்கம். 1,000 லிட்டர் ஐபிசி டேங்கில் (கம்பிக்கூண்டுக்குள் இருக்கும் சதுரப் பிளாஸ்டிக் தொட்டி) பயோகேஸ் கலன். வெறும் மாட்டுச் சாணத்தில் நன்றாக எரிந்தது. இப்போது கோழி எருவும், பினாங்கு தெலுக் பாஹாங் கரையில் ஒதுங்கும் பச்சைப் பாசியும் பாதிக்குப் பாதி. அழுகின முட்டை நாற்றம், அடுப்பு பற்றின உடனே அணைகிறது. உப்புதான் காரணமா?

மாட்டுக்கொட்டகை:
உப்பு மட்டும் இல்லைங்க, ஜோடியே சரியில்லை. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 20–30 இருக்கணும். கோழி எருவில் 10 அளவில்தான் இருக்கும், பச்சைப் பாசியும் குறைவுதான். மிஞ்சின நைட்ரஜன் அம்மோனியாவாகி மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரை முடக்கிவிடும். அப்போது கேஸில் மீத்தேன் குறைந்து கரியமில வாயு கூடும், தீ நிற்காது.

தீனியை நிறுத்திவிட்டு பிஎச் (புளிப்பு-காரத்தன்மை அளவு) பாருங்கள். 6.5க்குக் கீழே போனால் புளிப்பு. காத்திருங்கள், ஏறாவிட்டால் சோடா உப்பு கொஞ்சம். 8ஐ நெருங்கி மூக்கைக் குத்தினால் அம்மோனியா: கலனிலுள்ள கரைசல் குழம்பில் 150 லிட்டரை இறக்கி, அதே அளவு சாணக் கரைசல் ஊற்றுங்கள்.

தீ நின்ற பிறகு தினம் சாணம் 8 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், பாசி அரை கிலோ. வாரம் அரை கிலோவாக ஏற்றி 2 கிலோவில் நிறுத்துங்கள். 750 லிட்டர் குழம்புக்கு இது போதும், ஐந்து வாரத்துக்கு மேல் உள்ளே தங்கும். நம் வெயிலுக்குச் சூடேற்ற வேண்டியதில்லை.

குழாய்க்காரர்:
பாசியை மழைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி 2 செ.மீ.க்கு நறுக்குங்கள். உப்பை விட மணல் மோசம். அடியில் படிந்து கலனின் கொள்ளளவைத் தின்னும். வெளியேறும் குழம்புநீரைத் திரும்ப ஊற்றாதீர்கள், உப்பும் அம்மோனியாவும் ஏறிக்கொண்டே போகும்.

நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, பாசியிலுள்ள சல்பேட்டிலிருந்து வருவது. 2 அங்குல பிவிசி குழாயில் துருப்பிடித்த இரும்பு நார் அடைத்து கேஸை அதன் வழியே விடுங்கள். கறுத்துவிட்டால் மாற்றணும். கழற்றினதும் தண்ணீரில் போடுங்கள். காற்றுப்பட்டால் சூடேறித் தீப்பற்றலாம். நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று நம்ப வேண்டாம், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும்.

பாலிக்புலாவ்_தோட்டம்:
நன்றி அண்ணே. வைக்கோல் சேர்த்தால் கோழி எருவை விடாமல் இருக்கலாமா? பழுப்புப் பாசியும் ஒதுங்குது.

மாட்டுக்கொட்டகை:
சாணத்தில் 1 கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் கோழி எரு. அதற்கு மேல் வேண்டாம். வைக்கோல் ஒரு கைப்பிடி, பொடியாக வெட்டி ஊறவைத்து. முழுசாகப் போட்டால் மிதந்து மேலே ஆடை கட்டி கேஸை அடைக்கும். பழுப்புப் பாசி, சர்காசம் வகை, மெதுவாக மக்கும். அதில் ஆர்சனிக் இருக்கும், அந்தக் குழம்பைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.