ஒரு நாள் வித்தியாசமாம், அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை!

பழைய பேட்ச்:
மாற்று அணி என்று நம் ஆசிரியர் சங்கத்துக்குள்ளேயே கிளம்பியிருக்கிறவர்களின் துண்டறிக்கை எனக்கும் வந்து சேர்ந்தது. "31.5.2009 அன்று சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8370, மறுநாள் 1.6.2009 அன்று சேர்ந்தவருக்கு 5200, ஒரே ஒரு நாள் வித்தியாசத்துக்கு 3170 ரூபாய் இழப்பு, இதைத் தட்டிக் கேட்காத தலைமை எதற்கு?" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காலண்டரைப் பாருங்கள் சார். 2009 மே 31 ஞாயிற்றுக்கிழமை. அதுவும் கோடை விடுமுறை. அன்றைக்கு எந்தத் தலைமையாசிரியர் பள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு பணியேற்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் சந்தாவை இரண்டு மடங்காகக் கட்டுகிறேன்.

2012 பேட்ச்:
சார், இங்கே கிழமையா பிரச்சினை? ஒரே வராண்டாவில் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. அதே பாடநூல், அதே சத்துணவு மேற்பார்வை, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவும் அதேதான், சிக்னல் கிடைக்காமல் வாசலில் நின்று கையைத் தூக்குவது வரைக்கும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் பார்க்கக் களஞ்சியம் செயலியைத் திறந்தால்தான் நாங்கள் வேறு சாதி என்று தெரிகிறது. அந்த 3170ஐ ஏழாவது ஊதியக்குழுவின் 2.57ஆல் பெருக்கிப் பாருங்கள், எட்டாயிரத்தைத் தாண்டும், அதற்கு மேல் அகவிலைப்படி தனி.

பழைய பேட்ச்:
கணக்கெல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. 8370ஐ யாரும் எங்களுக்குத் தட்டில் வைத்து நீட்டவில்லை. பழைய விகிதத்தில் 4500 வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அதை 1.86ஆல் பெருக்கினார்கள், 8370 வந்தது. உங்களுக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளமே இல்லை. ஆறாவது ஊதியக்குழு அரசாணையே 1.6.2009 தேதியிட்டது, கோடு அங்கே விழுந்தது. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தவர் யார்?

முதல் பீரியட்:
அண்ணா, பெருக்கினார்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள். மத்திய அரசில் அன்றைக்கு இதே வேலைக்கு அடிப்படை 9300, தர ஊதியம் 4200. நமக்கு 5200, 2800. அந்தக் கோடு விழுந்தபோது நம் தலைமை என்ன செய்துகொண்டிருந்தது? சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

பழைய பேட்ச்:
வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 9300, 4200 கேட்டதே நம் சங்கம்தான். எல்லா இடைநிலை ஆசிரியருக்கும் சேர்த்துக் கேட்டோம். நீங்கள் தனிக்கடை போட்டு, "எங்களுக்கு 8370 மட்டும் போதும்" என்று கோரிக்கையைச் சின்னதாக்கிவிட்டீர்கள். அரசுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அப்புறம் 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தில் 22ஆம் தேதி முதல் நாளே வெளியே வந்தவன் நான். 17 பி ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை இன்னும் பீரோவில் இருக்கிறது. 2003இல் வேலைநிறுத்தம் செய்ததற்காக டெஸ்மா சட்டத்தில் டிஸ்மிஸ் ஆகி வீட்டில் உட்கார்ந்தவனும் நான்தான். அப்போது உங்களில் பாதிப் பேர் பள்ளிச் சீருடையில் இருந்திருப்பீர்கள்.

2012 பேட்ச்:
ஆரம்பித்துவிட்டார், 2003. 2019இல் நாங்களும்தான் வெளியே வந்தோம், எங்களுக்கும் 17 பி வந்தது. 30ஆம் தேதி யாரைக் கேட்டு வாபஸ் வாங்கினீர்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. எங்கள் ஆட்கள் 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் கல்வித்துறை அலுவலகமான டிபிஐ வளாகத்தில் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அதனால்தான் 2023 பிறந்ததும் மூன்று பேர் குழு என்றாவது ஒன்று வந்தது. உங்கள் தலைமை அனுப்பியது ஆதரவுக் கடிதம். அதிலும் எழுத்துப்பிழை.

பழைய பேட்ச்:
குழு வந்ததே, ஊதியம் வந்ததா? கடிதத்தில் எழுத்துப்பிழை பார்க்கிற கண்ணுக்குத் துண்டறிக்கையில் கிழமைப் பிழை தெரியவில்லையே. ஞாயிற்றுக்கிழமை.

கடைசி பெஞ்ச்:
நடுவில் ஒரு சந்தேகம். வட்டாரத் தேர்தலில் மாற்று அணிக்கு ஆதரவாகப் பேசியவர்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியது யார்? என்னையும் சேர்த்துத்தான். நான் ஒரு கும்பிடு ஸ்மைலி மட்டும்தான் போட்டேன்.

பழைய பேட்ச்:
அட்மின் நான்தான். யாரையும் அணி பார்த்து நீக்கவில்லை. சந்தா பாக்கி இருந்தது, நீக்கினேன். டைரி மட்டும் வருஷா வருஷம் முதல் ஆளாக வந்து வாங்கிக்கொண்டு போகிறீர்கள்.

கடைசி பெஞ்ச்:
ரசீது இருக்கிறது அய்யா. உங்கள் கையெழுத்துதான் அதில். இந்த வருஷ டைரியில் நீங்கள் சொல்கிற காலண்டரும் பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பீரியட்:
இவர் எதற்கு இவ்வளவு கொதிக்கிறார் என்று எனக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும், அதற்கு இரண்டு வருஷம் அவகாசம். நாங்கள் 2012 ஜூலையில் முதல் டெட் எழுதி வந்தவர்கள். எங்கள் கையில் சான்றிதழ் இருக்கிறது.

பழைய பேட்ச்:
டெட்டை இங்கே இழுக்காதீர்கள். அந்தத் தேர்வே இல்லாத காலத்தில் முறைப்படி நியமனம் பெற்றவன் நான். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் இன்று டெட்டுக்குக் கோச்சிங் எடுக்கிறார்கள்.

முதல் பீரியட்:
அப்படியானால் அவர்களிடமே சேர்ந்துவிடுங்கள், பழகிய பிள்ளைகள்தானே, கட்டணம் குறைத்துக்கொள்வார்கள்.

சாக்பீஸ் தூள்:
தோழர்களே, இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரம்மா 2009 மே 29 பணியில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை. விடுமுறை என்பதால் உதவித் தொடக்கக் கல்வி அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவருடன் படித்த தோழிக்கு ஆணை கைக்கு வரத் தாமதம், ஜூன் 1 திங்கட்கிழமை சேர்ந்தார். இருவரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள், சேலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

2012 பேட்ச்:
கேட்டீர்களே ஆள், இதோ ஆள். இரண்டு மடங்கு சந்தா எப்போது கட்டுகிறீர்கள்?

பழைய பேட்ச்:
நான் கேட்டது 31ஆம் தேதி சேர்ந்த ஆள். இவர் சொல்வது 29. வெள்ளிக்கும் திங்களுக்கும் மூன்று நாள். துண்டறிக்கையில் "மூன்று நாள்" என்று திருத்திப் போடச் சொல்லுங்கள், அப்புறம் மேலே பேசலாம்.

2012 பேட்ச்:
மூன்று நாள் என்று போட்டால் பொதுக்குழுவில் எங்கள் தீர்மானத்துக்குக் கை தூக்குவீர்களா?

பழைய பேட்ச்:
பொதுக்குழு என்றைக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்காவது வாருங்கள்.

கடைசி பெஞ்ச்:
குழுவில் மறுபடியும் சேர்த்தால்தானே அய்யா தேதியே தெரியும்.