புதுப்பிப்பு: கழிஞ்சூர் ஏரிக்கரையில் பார்த்தது அமூர் வல்லூறுதான்

உதவிய அனைவருக்கும் நன்றி. காட்பாடி அருகே கழிஞ்சூர் ஏரிக்கரை மின்கம்பியில் அமர்ந்திருந்த சிறிய வல்லூறு, கெஸ்ட்ரல் எனும் சிறு வல்லூறு வகையா, வலசை போகும் அமூர் வல்லூறா என்று கார்த்திகைத் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். படம் மங்கலாக இருந்ததால் யாராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

"கால்களைப் பாருங்கள்" என்று திருப்பத்தூர் நண்பர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கெஸ்ட்ரலின் கால்கள் மஞ்சள், முதுகு செங்கல் நிறம். மழை விட்ட ஒரு மாலையில் அதே கம்பியில் பறவை மீண்டும் தென்பட்டது. கால்கள், அலகின் அடி, கண்ணைச் சுற்றிய வளையம் எல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு. சாம்பல் முதுகு, வெள்ளை மார்பில் கறுப்புக் கீற்றுகள், தொடையில் வெளிர்காவி. சந்தேகமே இல்லை, பெண் அமூர் வல்லூறு!

எதிர்பாராதது ஈசல். கரையோரப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியதும் வல்லூறு பாய்ந்து காலால் பற்றி, பறந்தபடியே அலகுக்குக் கொண்டுபோய்த் தின்றது. நெடுந்தூரம் போகிற பறவைக்கு நம் ஊர் ஈசல் உணவானதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் பெருங்கூட்டமாகத் தங்கும் இவை, தீபகற்பத்தையும் அரபிக் கடலையும் கடந்து தென் ஆப்பிரிக்கப் பகுதிக்குச் செல்கின்றன. இங்கே தங்குவது கொஞ்ச நேரம்தான். மறுநாள் காலை அது இல்லை. இனித் தேடுகிறவர்கள் நவம்பர், டிசம்பரில் மழைக்குப் பிந்தைய மாலைகளில், ஈசல் கிளம்பும் வெளிகளில் உள்ள மின்கம்பிகளைக் கவனியுங்கள்.