சிங்கப்பூர் ஈசூன் குடும்பக் குழு: கொதிக்கும் நீரில் உடைவது எது?

கவின் [8.10]: மாமா, வேதியியல் தாள் வந்துவிட்டது. நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள சகப்பிணைப்பு, அதாவது எலக்ட்ரான்களைப் பகிரும் பிணைப்பு, உடைகிறது என்று எழுதியிருந்தேன். மதிப்பெண் தரவில்லை.

அம்மா [8.12]: நள்ளிரவு வரை படித்தான் அண்ணா. மனம் பொறுக்கவில்லை.

மாமா [8.15]: வருந்தாதே தங்கச்சி. துணைப்பாட வகுப்பில் ஆண்டுதோறும் இந்தப் பிழையைத் திருத்துகிறேன். கவின், நீ எழுதியபடி நடந்தால் பாட்டி இட்லி அவிக்கும்போது சமையலறை முழுவதும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிறையும். அடுப்புத் தீ பட்டதும் வெடித்துவிடும்!

பாட்டி [8.16]: பானை மூடியில் தண்ணீர்தானே முத்து முத்தாக நிற்கிறது?

மாமா [8.20]: அதுதான் விடை அம்மா! ஆவியானாலும் நீர் நீராகவே இருக்கிறது. மூலக்கூறு கலையவில்லை, பக்கத்து மூலக்கூறைப் பிடித்திருந்த பிடிதான் விட்டது. அந்தப் பிடியே ஹைட்ரஜன் பிணைப்பு. மோல் என்னும் நிலையான எண்ணிக்கைக் கணக்கில் அதைப் பிரிக்க ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்புக்கோ சுமார் 460 கிலோஜூல் வேண்டும்.

கவின் [8.22]: அவ்வளவு மெலிந்த பிடிக்கா 100 டிகிரி வரை சூடாக்குகிறோம்?

மாமா [8.27]: மெலிந்ததுதான், ஆனால் அதன் பலனைப் பார். ஹைட்ரஜன் சல்ஃபைடு நீரைவிடக் கனமான மூலக்கூறு. தனிம அட்டவணையில் கந்தகமும் ஆக்சிஜன் இருக்கும் அதே தொகுதிதான். ஆனாலும் அது பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அந்தப் பிடி அதற்கு வாய்க்காததால். நீருக்கும் வாய்க்காதிருந்தால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் ஒரு சொட்டும் தங்காது. இத்தனை ஆண்டு கற்பித்த பிறகும் இதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

கவின் [8.29]: அப்படியென்றால் எதை உருக்கினாலும் சகப்பிணைப்பு உடையாதா?

மாமா [8.32]: அங்கேதான் கவனம் வேண்டும். கடற்கரை மணல் சிலிக்கா. அதில் தனித்தனி மூலக்கூறே கிடையாது, முழுவதும் சகப்பிணைப்பு வலை. உருக்க வேண்டுமானால் வலையையே அறுக்க வேண்டும். அதற்குச் சுமார் 1,700 டிகிரி ஆகிறது.

அம்மா [8.33]: எனக்கே புரிகிறது அண்ணா.

மாமா [8.35]: கவின், ஒரு கேள்வி. எத்தனாலிலும் டைமெத்தில் ஈதரிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, ஈதர் பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரியில். ஏன்?

கவின் [8.44]: வரைந்து பார்த்தேன். ஈதரில் எந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு நேராக இணையவில்லை. அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அப்படிப் பிடிக்க முடியவில்லை. சரியா மாமா?

மாமா [8.45]: சரி. அந்தப் படத்தை இங்கே அனுப்பு.