புதுப்பிப்பு: அப்டேட்டுக்குப் பிறகு எழும்பாமல் நின்ற கம்ப்யூட்டர் மீண்டுவிட்டது

முன்பு கேட்டது இதுதான்: வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும், ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் முதன்மைப் பகுதி) மவுண்ட் செய்ய, அதாவது இணைத்துத் திறக்க, முடியவில்லை என்று கெர்னல் பேனிக் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மேற்கொண்டு இயங்க முடியாத பிழை) காட்டி அப்படியே நின்றது. முழுதாக அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள் சிலர். அதற்குத் தேவையே வரவில்லை.

ஆன் செய்த உடனே எஸ்கேப் கீயைத் தட்டினால் கிரப் மெனு (எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் திரை) வருகிறது. அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கெர்னல் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் வழக்கம்போல டெஸ்க்டாப் வந்துவிட்டது! முதல் வேலையாகப் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தேன்.

அப்புறம் டிஸ்க் அளவைப் பார்த்தால், பூட் பார்ட்டிஷன் (கம்ப்யூட்டர் தொடங்கத் தேவையான ஃபைல்களுக்கான டிஸ்க் பகுதி) 100% நிரம்பியிருந்தது. ஒவ்வொரு அப்டேட்டிலும் வந்த பழைய கெர்னல்கள் அங்கேயே தங்கியிருக்கின்றன. புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலை எழுத இடமில்லை. டிஸ்கை அணுகத் தேவையான டிரைவர்கள் அந்த ஃபைலில்தான் இருக்கும். அது இல்லாததால்தான் கெர்னல் ரூட்டைத் தேடித் தவித்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பழுதோ என்று பயந்ததற்கு அவசியமே இல்லை.

தேவையற்றவற்றை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்ததும் வேண்டாத கெர்னல்கள் போய்விட்டன. பிறகு அந்த ஃபைலை உருவாக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், கிரப் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஓட்டினேன். இப்போது புதிய கெர்னலிலேயே ஓடுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பூட் ஃபோல்டரில் கைவைத்து ஃபைல்களை நீங்களாக அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே அழித்துவிட்டால் திரும்பி வரும் வழியும் அடைபடும்.