ஜெர்மன் நிதிச் சந்தைச் சொற்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மைன்கரைவாசி:

ஆண்டறிக்கை சீசன் ஒருவழியாக முடிந்தது. இந்த மாதங்களில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் நிதி ஆவணம் மொழிபெயர்ப்பவர்களுக்குத் தூக்கமே கிடையாது. ஜெர்மன் பிரதியை நள்ளிரவு வரை திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலப் பிரதி மட்டும் காலையில் தயாராக இருக்க வேண்டும். இந்த வேலை பார்ப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். வந்து மாட்டிய சொற்களைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். 'கிரோஸாம்மெல்ஃபெர்வாருங்' (பலருடைய பத்திரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பாதுகாப்பது) என்று ஒன்று வந்தால் எல்லாருமே அகராதியைத் திறந்துவிடுவார்கள், ஆபத்தில்லை. தெரிந்த முகம் மாதிரி வரும் சொல்தான் ஏமாற்றும். ஒரு நடுத்தர இயந்திரக் கம்பெனியின் அறிக்கை என்னிடம் சரிபார்க்க வந்தது. 'ஃப்ரெம்ட்காபிடால்' என்ற சொல்லை 'ஃபாரின் கேப்பிட்டல்' ஆக்கியிருந்தார்கள். ஃப்ரெம்ட் என்றால் அந்நியம்தான், ஆனால் இங்கே அது முதலாளிகளின் சொந்தப் பணம் அல்லாதது, அதாவது கடன். அதற்கு எதிர்ச்சொல் 'ஐகன்காபிடால்', ஆங்கிலத்தில் ஈக்விட்டி. அந்தக் கம்பெனியோ பெரும்பாலும் உள்ளூர் ஷ்பார்காஸெயில், அதாவது சேமிப்பு வங்கியில், கடன் வாங்கியிருந்தது. ஆங்கிலத்தில் படித்தால் வெளிநாட்டு முதலீடு கொட்டுகிற மாதிரி இருந்தது!

பழைய டீலர்:

கெல்ட், ப்ரீஃப் இரண்டையும் விட்டுவிட்டீர்களே. கெல்ட் என்றால் பணம், ப்ரீஃப் என்றால் கடிதம் என்று ஜெர்மன் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சந்தையில் 'கெல்ட்' வாங்குபவர் தர முன்வரும் விலை, 'ப்ரீஃப்' விற்பவர் சொல்லும் விலை. ஆங்கிலத்தில் பிட், ஆஸ்க், அவ்வளவுதான். ஒருவன் பணத்தோடு நிற்கிறான், இன்னொருவன் பத்திரத்தோடு நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் சிறிய 'பே' (b), பெரிய 'கே' (G) எழுத்துகள் சேர்ந்து வரும். 'பெட்ஸால்ட் கெல்ட்' என்பதன் சுருக்கம் அது. அந்த விலையில் வியாபாரம் நடந்தது, ஆனால் வாங்கக் கேட்டவர்களில் சிலருக்குக் கிடைக்கவில்லை, தேவை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இதை 'பெய்ட் மணி' என்று போட்டு ஒரு பட்டியல் முழுக்க ஓட்டியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். யாருக்கு யார் பணம் கட்டினார் என்று வாடிக்கையாளர் கேட்டாராம்.

'உம்ஸாட்ஸ்' இன்னொன்று. கம்பெனி அறிக்கையில் விற்பனை வருவாய், சந்தைச் செய்தியில் வர்த்தக அளவு. ஒரே பக்கத்தில் இரண்டு பொருளிலும் வரும்.

ரைன்லாந்துக்காரி:

எனக்கு நெஞ்சு படபடத்த சொல் 'என்ட்லாஸ்டுங்'. ஜெர்மன் பங்குக் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் இது அஜெண்டாவில் இருக்கும். நிர்வாகம் போன ஆண்டு நடந்துகொண்ட விதத்தைப் பங்குதாரர்கள் மொத்தத்தில் ஏற்கிறார்கள் என்று வாக்களிப்பது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'சுமை இறக்குதல்'. இதற்குப் பக்கத்திலேயே 'என்ட்லாஸுங்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்குப் பணிநீக்கம் என்று அர்த்தம். அவசரத்தில் கண் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடும்.

போதாததற்கு ஆங்கிலத்தில் வழக்கமாகப் போடும் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லுக்கே வேலையை விட்டு அனுப்புவது என்றும் ஒரு பொருள் உண்டு. 2019 ஏப்ரலில் பான் நகரில் நடந்த பேயர் மருந்துக் கம்பெனியின் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மான்சாண்டோ என்ற அமெரிக்க விதை, களைக்கொல்லிக் கம்பெனியை வாங்கியதில் வந்த வழக்குகளால் பங்குதாரர்கள் கோபத்தில் இருந்தார்கள், பதிவான வாக்குகளில் 55 சதவீதத்துக்கு மேல் நிர்வாகக் குழுவுக்கு என்ட்லாஸ்டுங் தர மறுத்தன. டாக்ஸ் (ஜெர்மனியின் முக்கியப் பங்குக் குறியீடு) பட்டியலில் உள்ள கம்பெனி ஒன்றில் பெரிய அவமானம் அது. இதை ஒருவர் 'டிஸ்சார்ஜ் செய்ய மறுத்தனர்' என்று மட்டும் எழுதினால், லண்டனில் படிப்பவர் பங்குதாரர்கள் தலைவரைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். நேர்மாறு!

சட்டப்படி அந்த வாக்கால் யாருடைய பதவியும் போகாது. பேயர் தலைவரும் 2023 வரை பதவியில் இருந்தார். என்ட்லாஸ்டுங் கொடுத்துவிட்டால் நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடும் என்பதும் கிடையாது, பங்குக் கம்பெனிச் சட்டத்தின் 120ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. அதனால் நான் 'நிர்வாகத்தின் செயல்களை அங்கீகரித்தல்' என்ற பொருளில் 'ராட்டிஃபை' என்று விரித்து எழுதுவேன். வாக்கியம் நீளும், நீளட்டும்.

கணக்குப்பிள்ளை:

நான் சென்னையில் ஒரு ஜெர்மன் குழுமத்தின் கணக்கு மையத்தில் இருக்கிறேன், சிஏ படித்தவன். 'ர்யூக்ஷ்டெல்லுங்', 'ர்யூக்லாகெ' இரண்டுமே 'ரிசர்வ்' என்று வந்து விழும். முதலாவது ப்ரொவிஷன்: வழக்கு, ஓய்வூதியம் மாதிரி தொகையோ தேதியோ உறுதியாகத் தெரியாத பொறுப்பு. இரண்டாவதுதான் ரிசர்வ், அது சொந்த மூலதனத்தில் ஒரு பகுதி. இரண்டையும் குழப்பினால் கடன் பக்கத்தில் இருக்க வேண்டியது சொந்த மூலதனம் மாதிரி எழுந்து நிற்கும். நம் ஊர் சிஏ மாணவனுக்கு இந்த வித்தியாசம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் மொழி மட்டும் படித்து வருபவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. காப்பீட்டுத் துறையில் அமெரிக்கர்கள் அதே ப்ரொவிஷனை 'லாஸ் ரிசர்வ்' என்றுதான் சொல்வார்கள். அங்கே போய் யாரையும் திருத்திவிடாதீர்கள்.

எண்களும் அப்படித்தான். ஜெர்மனில் மில்லியார்டெ என்றால் நூறு கோடி, ஆங்கிலத்தில் பில்லியன். ஜெர்மன் பில்லியோன் என்பது ஒரு லட்சம் கோடி, ஆங்கிலத்தில் டிரில்லியன். அப்புறம் அவர்களுடைய தசமப் புள்ளி கமா, நம்முடைய கமா அவர்களுக்குப் புள்ளி. அட்டவணைக்குள் 1.250 என்று இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

பி-2 மாணவி:

மொழிபெயர்ப்பு மெஷின் இதையெல்லாம் இப்போது சரியாகப் போடுகிறதே? நான் 'ஃபோர்ஷ்டான்ட்' (கம்பெனியை நடத்தும் குழு) கொடுத்தேன், ஒரு முறை 'போர்ட் ஆஃப் டைரக்டர்ஸ்', இன்னொரு முறை 'மேனேஜ்மென்ட் போர்டு' என்று வந்தது. எது சரி அக்கா?

பழைய டீலர்:

முதலில் 'ப்ஃபான்ட்ப்ரீஃப்' என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் அந்த மெஷினை. 1769இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் காலத்தில் சைலீசியாவில் தொடங்கிய பத்திர வகை. 'மார்ட்கேஜ் பாண்ட்' என்று போட்டால் பாதிதான் சரி, ஏனென்றால் அரசுக் கடன், கப்பல், விமானம் எதை வைத்தும் அதை வெளியிடலாம். சந்தையில் எல்லாரும் ப்ஃபான்ட்ப்ரீஃப் என்றே சொல்கிறார்கள், நானும் தொடுவதில்லை. ஷுல்ட்ஷைன் என்ற கடன் ஒப்புச் சீட்டும் அப்படியே.

ரைன்லாந்துக்காரி:

தங்கச்சி, 'போர்ட் ஆஃப் டைரக்டர்ஸ்' வேண்டாம். ஜெர்மன் பங்குக் கம்பெனியில் நடத்துபவர்கள் வேறு, மேற்பார்வை பார்க்கும் 'ஔஃப்ஸிஷ்ட்ஸ்ராட்' வேறு. ஒரே ஆள் இரண்டிலும் உட்கார முடியாது. 2,000 பேருக்கு மேல் வேலை செய்தால் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு, 1976 சட்டப்படி. அமெரிக்க போர்டில் இது எதுவும் இல்லை.

சரி, பின்னே எதைப் போடுவது? டாய்ச்செ வங்கி 'மேனேஜ்மென்ட் போர்டு' என்கிறது, ஃபோக்ஸ்வாகன் 'போர்ட் ஆஃப் மேனேஜ்மென்ட்' என்கிறது, எஸ்ஏபி 'எக்ஸிக்யூட்டிவ் போர்டு' என்கிறது. அதனால் வேலை கைக்கு வந்ததும் அந்தக் கம்பெனியின் போன வருட ஆங்கில அறிக்கையை இறக்கி, அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.